ஐபேடில் மெனு சொன்னபடி கேட்கவில்லை

கேள்வி: நாகர்கோவில் ஹோம்ஸ்டே ஒண்ணோட சைட். போன்ல மொபைல் மெனு சரியா வருது. ஐபேட் சஃபாரில டெஸ்க்டாப் மெனுதான். ‘அறைகள்’ தட்டினா ஒரு நேரம் துணைமெனு விரியுது, ஒரு நேரம் நேரா லிங்க் திறந்துருது. யூசர் ஏஜென்ட்ல (பிரவுசர் தன்னை யாருன்னு சொல்லி அனுப்பற வரி) ‘ஐபேட்’னு தேடித்தான் சர்வர்ல பிரிக்கிறோம்.

பதில் 1: கோளாறே அங்கதான் மக்கா. 2019ல வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் சஃபாரி பெரும்பாலும் தன்னை ‘மேகின்டோஷ்’னுதான், அதாவது மேக் கம்ப்யூட்டர்னுதான் சொல்லும். அந்தப் பிரிப்பையே தூக்கிருங்க. ஹோவர் விதிகளை (மவுஸ் மேல வந்தாலே மெனுவை விரிக்கறது) ‘ஹோவர்: ஹோவர்’, ‘பாயின்டர்: ஃபைன்’ மீடியா கொரிக்குள்ள (மவுஸ் மாதிரி கருவி இருந்தா மட்டும் செல்லுபடியாகற சிஎஸ்எஸ் நிபந்தனை) அடைச்சிட்டு, தொடுதிரை மாதிரி மத்ததுக்கு லிங்க் பக்கத்துல தனி அம்புக்குறி பட்டன். 44 பிக்சலுக்குக் குறைச்சா விரல் லிங்க்லதான் விழும்.

பதில் 2: திரை அகலத்தை வச்சுப் பிரிக்கறதையும் நம்பாதீங்க. 12.9 இன்ச் ப்ரோ நிமிர்த்திப் பிடிச்சாலே 1024 பிக்சல், படுக்க வச்சா 1366. லேப்டாப் அகலம்! அதே டேப்லெட் ஸ்ப்ளிட் வியூல (ரெண்டு ஆப் பக்கம் பக்கமா) போன் அளவுக்குச் சுருங்கும்.

கேட்டவர்: சரிண்ணே. ஜாவாஸ்கிரிப்ட்ல ஐபேடைப் பிரிச்சுக் காண வழி?

பதில் 1: நேவிகேட்டர்ல மேக்ஸ்டச்பாயின்ட்ஸ் (ஒரே நேரத்துல எத்தனை விரல் தொடலாம்ங்கற எண்) பாருங்க: ஐபேட்ல 5, மேக்ல 0. எத்தனை பேர் ஐபேட்ல வர்றாங்கன்னு கணக்கெடுக்க மட்டும் வச்சுக்கோங்க, லேஅவுட்டுக்கு வேண்டாம்.