பெரியம்மாவும் ரெட்வுட் காடும்

குமரன்: மலர், மே கடைசியில் அம்மாவை கலிபோர்னியாவில் அந்த ராட்சத ரெட்வுட் மரக் காட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். நீ போன வருடம் போனாயே, அம்மா முழங்காலுக்கு எது சரிப்படும்? உலகிலேயே உயரமான அந்த ஹைபீரியன் மரத்தைப் பார்க்க முடியுமா?

மலர்: அண்ணா, அது பக்கமே போகாதீங்க. 380 அடி மரம்தான், ஆனால் பாதையே கிடையாது, ஆட்கள் மிதித்து மிதித்துச் சுற்றியிருந்த செடியெல்லாம் போய் 2022-ல் அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். மாட்டினால் 5000 டாலர் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில்.

சித்தப்பா: அண்ணி ஜெயிலுக்குப் போனால் இங்கே ஊர்வலம் விடுவோம் 😄

மலர்: 😂 நேராக ஸ்டவுட் தோப்புக்குப் போங்க. கிரசென்ட் சிட்டி பக்கம், ஜெடிடையா ஸ்மித் பூங்காவுக்குள். கார் நிறுத்திய இடத்தில் ஒரு சரிவு, இறங்கினால் அப்புறம் எல்லாம் சமதரை, ஒரு சுற்று அரை மைல்தான் வரும். திரும்பும்போது அந்த ஏற்றத்தில் மட்டும் நின்று நின்று வாங்க.

மலர்: ஒன்று மறக்காதீங்க. நாங்களும் மே மாதம்தான் போனோம், கேம்ப் இடத்திலிருந்து ஸ்மித் ஆற்றைக் கடக்க நடைபாலம் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அங்கே வண்டியை நிறுத்தினோம், போனால் பாலமே இல்லை! கோடைக்கு மட்டும் போட்டு மழைக்கு முன் கழற்றிவிடுவார்களாம். தோப்பு அக்கரையில், நாங்கள் இக்கரையில், நடுவில் பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர், கால் வைத்தால் விறைக்கிறது. கடைசியில் ஹௌலண்ட் ஹில் மண் ரோடு வழியாகச் சுற்றிப் போனோம். குறுகல், பெரிய வேன் வேண்டாம்.

பெரியம்மா: மலரு போட்டோ பார்த்தேன். மரத்தடியில் புதர் ஒன்றும் இல்லையே, யார் வெட்டுகிறார்கள்?

மலர்: யாரும் இல்லை பெரியம்மா, ஆறுதான். பெருவெள்ளம் வரும்போது தோப்புக்குள் புகுந்து சின்னச் செடிகளை அடித்துப் போய்விடும், வண்டலும் படியும். அடிமரம் வண்டலில் புதைந்தால் இந்த மரம் அதற்கு மேலே புது வேர் விட்டுக்கொள்ளும்!

பெரியம்மா: வண்டல் என்றால் சும்மாவா. கீழே புளியாரை மாதிரி இருக்கிறதே?

மலர்: அதே இனம்தான் 😍 வெயில் நேராகப் பட்டால் இலையை மடக்கிக்கொள்ளும். மரப்பட்டை தொட்டால் தேங்காய் நார் மாதிரி, ஒரு அடி கனம்கூட இருக்கும். காய் மட்டும் அரைநெல்லி அளவு!

பெரியம்மா: அந்தக் காயிலிருந்தா இவ்வளவு பெரிய மரம்? ஒன்று எடுத்து வந்திருக்கலாமே, கிணற்றடியில் போட்டுப் பார்த்திருப்பேன்

மலர்: எடுக்கக் கூடாது பெரியம்மா, பூங்கா விதி

சித்தப்பா: குமரா, கிளம்பும்போது அண்ணி கைப்பையை ஒரு தடவை பார்த்துக்கொள்