மதியம் ஆனால் டயர் சென்சார் அலறுகிறது, காரின் சிக்னலும் விட்டுப்போகிறது

நெடுவழி:
வணக்கம் நண்பர்களே. எங்களுடையது பத்து மீட்டர் நீள மோட்டார்ஹோம். நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி ஒரு சிறிய காரைப் பின்னால் கட்டி இழுத்துப் போவோம். போன பயணத்தில் காரின் வலது பின் டயரில் காற்று இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை, ஸ்டீயரிங்கிலும் ஒன்றும் தெரியவில்லை, இழுவையிலும் மாற்றம் இல்லை, பக்கத்தில் வந்தவர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிய பிறகுதான் ஓரங்கட்டினேன். இறங்கிப் பார்த்தால் டயரே இல்லை. ரிம்மைச் சுற்றிக் கம்பியும் நாரும் தொங்குகின்றன, சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு கிழிந்து வெளியே வளைந்து நிற்கிறது, கருகிய ரப்பர் வாடை வேறு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் தீப்பிடித்திருக்கும்.

அதனால் வால்வு மூடி போலத் திருகி மாட்டும் சென்சார் பத்து வாங்கினேன், வண்டிக்கு ஆறு, காருக்கு நான்கு. இப்போது வேறு பிரச்சினை. முன் டயரில் காலையில் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ இருக்கிறது, மதியம் 114 காட்டி அலாரம் அடிக்கிறது (மேல் வரம்பு 110, கீழ் வரம்பு 90). பயந்துபோய் 100-க்குக் குறைத்தேன். மறுநாள் காலையில் 87 என்று காட்டி அதற்கும் அடிக்கிறது! சென்சார் பழுதா? கார் சென்சார்களின் சிக்னலும் முன்சீட்டுக்கு வராமல் விட்டுப்போகிறது. அப்புறம், காரில் கம்பெனியே போட்ட சென்சார் இருக்கும்போது அது ஏன் அன்றைக்கு எச்சரிக்கவில்லை?

காலைக்காற்று:
சென்சார் சரியாகத்தான் இருக்கிறது. சூடான டயரில் காற்றை இறக்கவே இறக்காதீர்கள், தயவுசெய்து. 100 பிஎஸ்ஐ பிடித்த டயரில் உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ ஏறும், கார் டயரில் ஒன்றரை. ஓட்டத்தில் 35 டிகிரி ஏறுவது சாதாரணம், உங்கள் 14 அங்கிருந்துதான் வந்தது. டயர் செய்பவர்கள் இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த நிலை அழுத்தத்தைச் சொல்கிறார்கள். நீங்கள் மதியம் காற்றை எடுத்ததால் டயர் கூடுதலாக மடங்கி நிமிர்ந்து ஓடும், அதனால் முன்னைவிட அதிகமாகச் சூடாகும். நீங்கள் தவிர்க்க நினைத்தது எதுவோ அதையே வரவழைத்துவிட்டீர்கள்.

காலையில் வெயில் படும் முன், வண்டி நகரும் முன் காற்றைச் சரிபாருங்கள். அந்த எண்தான் அடிப்படை. மேல் வரம்பை அதற்கு மேல் 20 முதல் 25 சதவீதம் வையுங்கள், கீழ் வரம்பு 10 சதவீதம் சரிதான். அந்த 100-ஐ எங்கிருந்து எடுத்தீர்கள்? பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பதை அப்படியே பிடிக்காமல், சாமான் தண்ணீர் எல்லாம் ஏற்றி ஒவ்வொரு அச்சையும் (ஆக்சில்) எடை போட்டு, டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் பாருங்கள்.

இரட்டைச்சக்கரம்:
எனக்கு உங்கள் வால்வுகள்தான் கவலை. ரப்பர் வால்வு என்றால் முதலில் அதை மாற்றி உலோக வால்வு போடுங்கள். சென்சார் சில கிராம்தான், ஆனால் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது அது வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும், ரப்பர் அடியில் விரிசல் விடும். காவலுக்கு வைத்த சென்சாரே காற்று இறங்கக் காரணமாகிவிடும். எனக்கு அப்படி ஒரு வால்வு போனது, விரலால் வளைத்தபோது அடியில் நகம் நுழையும் அளவு பிளவு.

பின்பக்க இரட்டை டயரில் உள் டயரை அசட்டையாக விடாதீர்கள். அதில் காற்று போனால் வெளி டயர் மொத்தச் சுமையையும் தாங்கும், கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். உள் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டிருந்தால் அது ஆடாமல் கட்டி, இணைப்புகளில் சோப்பு நீர் விட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள்.

கொக்கிக்காரன்:
காரின் கம்பெனி சென்சார் பற்றிக் கேட்டீர்கள். அதன் ரிசீவர் காருக்குள்தான் இருக்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் ஆளில்லாத காரில்தான் எரியும். அமெரிக்க விதிப்படி அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால்தான் அந்த விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். ஆகவே காருக்கு நான்கு தனி சென்சார் கட்டாயம், என்னைக் கேட்டால் மோட்டார்ஹோமைவிடக் காருக்குத்தான் முதலில், ஏனென்றால் அங்கே நடப்பது ஓட்டுபவருக்கு உடம்பில் உறைக்காது.

சிக்னல் விட்டுப்போகாமல் இருக்க, அதை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மோட்டார்ஹோமின் பின் கோடியில் வையுங்கள். சின்ன பட்டன் பேட்டரியில் ஓடும் சென்சார், பத்து மீட்டர் உலோகத்தைத் தாண்டி முன்சீட்டுக்கு வருவது கஷ்டம். கார் வால்வு அலுமினியமாகவும் சென்சார் மரை பித்தளையாகவும் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், இறுகாமல் இருக்கத் தடவும் பசை லேசாகப் பூசி, அவ்வப்போது கழற்றி மாட்டுங்கள். இன்னொன்று: மூடி சென்சார் காட்டும் வெப்பம் டயரின் உண்மையான வெப்பம் அல்ல, காற்று பட்டு அது குளிர்ந்துவிடும். அந்த எண்ணை நம்பாமல், ஒரே அச்சில் இருக்கும் சக்கரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

நெடுவழி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. காலையில் 100 பிடித்து, மேல் வரம்பை 122 ஆக்கினேன், நாள் முழுக்க ஒரு சத்தம் இல்லை. ரிப்பீட்டர் வைத்த பிறகு பத்தும் தெரிகின்றன. இரண்டு ரப்பர் வால்வு இருந்தது, மாற்றியாயிற்று. ஆனால் ஒப்பிடச் சொன்னீர்களே, காரின் மூன்று சக்கரம் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது இடது பின் சக்கரம் மட்டும் 57 காட்டியது. நிறுத்திக் கையை அருகே கொண்டுபோனால் ரிம்மிலிருந்து அனல் அடிக்கிறது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது போல. இன்றைக்குக் காரைத் தனியாக அவிழ்த்துவிட்டோம், நாளை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.