நாகமலை வீடு 🏠 (நம்ம குடும்பம் மட்டும்)

கண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். வியாழக்கிழமை மேல்தளம் கான்கிரீட். சோலார், தொட்டி ரெண்டும் எங்கேன்னு நாளைக்குள்ள மேஸ்திரிக்குச் சொல்லணும்.

கண்ணன்: [முகப்புப் படம்]

செல்வி அத்தை: சூப்பர்டா 👌

பாண்டி சித்தப்பா: கண்ணாடி கலக்குது

தீபா: அண்ணே, அது மேற்கு பாத்த கண்ணாடி. 3 மணிக்கு மேல வெயில் சாஞ்சு அடிக்கும், சன்ஷேடு தடுக்காது. ஏசி ஓடிக்கிட்டே இருக்கும்.

கண்ணன்: அந்த ஸ்டைலுக்குத்தானே கண்ணாடியே

தீபா: சுட்ட மண் ஜாலி (ஓட்டை ஓட்டையா இருக்கிற தடுப்பு) வைங்க. அதுல இருந்து 1 அடி தள்ளி உள்ள முழுசாத் திறக்கிற சன்னல். ஸ்லைடிங் வேணாம், பாதிதான் திறக்கும். பாத்ரூம், ஸ்டோர் ரூம் மேற்குச் சுவர் ஓரம். தரைக்கு ஆத்தங்குடிக் கல்.

செல்வி அத்தை: அடுப்படிக்கு ஆத்தங்குடி வேணாம். புளி, எலுமிச்சை பட்டா கறை

இ.பி. மாமா: கண்ணா, வீடு நெட் ஜீரோவா வரணும்னா கணக்கு பாரு. நெட் ஜீரோன்னா வருஷம் முழுக்க நாம செலவழிக்கிற யூனிட்டும் மாடியில உற்பத்தியாகிறதும் சரிக்குச் சரி. பழைய ஃபேன் 75 வாட், கரன்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட். பிஎல்டிசி 5 ஃபேன் 15 மணி நேரம் ஓடினா 2¼ யூனிட். ஃபிரிட்ஜ் 1. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி 8 மணி நேரத்துக்கு 5. மோட்டார், லைட்டு, டிவி, மிக்ஸி 2. ஆக நாளைக்கு 10, 11 யூனிட். 3 கிலோவாட் சோலார் சராசரியா 12 தரும். 540 வாட் பேனல் 6 போதும், சுமார் 170 சதுர அடி. மத்திய அரசு மானியம் 78,000. அதுக்கு உள்நாட்டு செல் போட்ட பேனலா இருக்கணும். இ.பி. இணைப்பும் விண்ணப்பமும் ஒரே பேர்ல இருக்கணும்.

பெரியப்பா: இணைப்பு யார் பேர்ல?

கண்ணன்: அப்பா பேர்ல பெரியப்பா

பெரியப்பா: இடம் கூட்டுப் பட்டா.

செல்வி அத்தை: அண்ணே, அத இங்க பேச வேணாம் 🙏

பாண்டி சித்தப்பா: கரன்ட் போனாலும் ஏசி ஓடும்ல மாப்ள?

இ.பி. மாமா: ஓடாது. ஆன்கிரிட், அதாவது இ.பி. லைனோட சேந்து ஓடுற இன்வெர்ட்டர், லைன் செத்தா தானா நின்னுடும். இல்லேன்னா கம்பத்துல வேலை பாக்குறவனுக்கு நம்ம வீட்டுக் கரன்ட் அடிக்கும். ஃபேன், லைட்டுக்காவது வேணும்னா பேட்டரியிலயும் ஓடுற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் போடணும், செலவு கூடும்.

பாண்டி சித்தப்பா: அப்ப எதுக்கு சோலார்

கண்ணன்: பில்லுக்கு சித்தப்பா

பெரியப்பா: தொட்டி கன்னி மூலையில, தென்மேற்கிலதான் வரணும். கிணத்த மூடுனப்பவும் நான் சொன்னத யாரும் கேக்கல.

இ.பி. மாமா: மச்சான், படிக்கட்டு ரூம் 8 அடி, அது மேல தொட்டி 5 அடி, மொத்தம் 13. மார்கழியில மத்தியானமே வடக்க 8½ அடி நிழல் விழும். 3 மணிக்கு வடகிழக்க 18 அடி. ஒரு பேனல்ல நிழல் பட்டாலும் அந்த வரிசையோட உற்பத்தியே இறங்கும்.

தீபா: அப்பா, தொட்டி கன்னி மூலையிலயே இருக்கட்டும். படிக்கட்டு ரூம் மேல வேணாம், தளத்துல 3 அடி மேடை கட்டி வைப்போம். 9 அடி உயரத்துல ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) ஃபிரேம் போட்டு தெற்கு பாத்து 10 டிகிரி சாய்வுல பேனல். தொட்டி பேனலுக்கு அடியில வந்துடும். சித்திரையிலயும் தண்ணி சுடாது, தளமும் சூடேறாது.

பெரியப்பா: படிக்கட்டு ரூம்?

தீபா: பேனலுக்கு வடக்க

பெரியப்பா: வாஸ்துக்காரரக் கேக்கணும்.

இ.பி. மாமா: தளம் போட்டப்புறம் ட்ரில் பண்ணி போல்ட் அடிக்கக் கூடாது, ஒழுகும். ஃபிரேம் கால் தூண் மேலயே வரணும். தூண் கம்பிய 2 அடி மேல விடச் சொல்லு, பீடம் கட்டிக்கலாம். ஆடிக்காத்து கீழேருந்து தூக்கும். மாடியிலேருந்து மீட்டர் போர்டுக்கு பைப்பு பூச்சுக்கு முன்னாடியே. எர்த் குழி 3: பேனலுக்கு, இன்வெர்ட்டருக்கு, இடிதாங்கிக்கு. பேனல் கழுவ மாடியில ஒரு குழாய்.

தீபா: தளத்துக்கு மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அது மேல வெள்ளை டைல்ஸ். பணம் பத்தலேன்னா பேனலத் தள்ளிப் போடுங்க, இதத் தள்ளாதீங்க.

செல்வி அத்தை: பால் காய்ச்சுறது ஆவணியா தையா? சேலை எடுக்கணும்

பாண்டி சித்தப்பா: பத்திரிகையில முதல் பேர் யாரு 😀

கண்ணன்: கம்பி விடச் சொல்லிட்டேன். பைப்பும் சொல்லிட்டேன். படிக்கட்டு ரூம்தான் பாக்கி.

பெரியப்பா: காலையில 7 மணிக்கு சைட்டுக்கு வர்றேன். டேப் எடுத்துட்டு வா.

செல்வி அத்தை: ஆவணின்னா இப்பவே சொல்லுங்க