மறு: ஸ்பீக்கர் சரவுண்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘நெகிழ்கரை’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஸ்பீக்கர் கூம்பின் ஓரத்தைச் சுற்றி நிற்கும் நெகிழ்வான வளையம்தான் சரவுண்டு. அதற்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: சூழ்வளையம், விளிம்புவளையம், ஓரமடிப்பு, நெகிழ்வளையம், மீட்டு. நான் முன்வைக்கும் சொல் நெகிழ்கரை. பட்டறையில் பேசும்போது வெறும் கரை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். அந்த உறுப்பு என்ன வேலை பார்க்கிறது என்று பார்க்காமல் வைக்கும் பெயர் பழுதுபார்ப்பவர் வாயில் நிலைக்காது.

முதலில், சொல்லே எதற்கு என்று கேட்ட நண்பருக்கு.

> சரவுண்ட் என்றே எழுதிவிட்டுப் போகலாமே. கடைக்காரருக்கும் அதுதானே தெரியும்?

அதுதான் இல்லை ஐயா. காரைக்குடிப் பக்கம் ஸ்பீக்கர் பழுது பார்ப்பவர்களிடம் நான் கேட்டவரை, சரவுண்ட் என்ற சொல் அதிகம் புழங்குவதில்லை. “ஃபோம் போயிருச்சு” என்பார்கள். ரப்பராக இருந்தாலும் ஃபோம், துணியாக இருந்தாலும் ஃபோம். பொருளின் பெயர் உறுப்பின் பெயராகிவிட்டது. இதனால் வரும் கேடு பேச்சோடு நிற்பதில்லை. எங்கள் உறவினர் வீட்டில் ரப்பர் வளையம் வைத்த பழைய ஊஃபர்கள் (தாழொலி ஸ்பீக்கர்கள்) இருந்தன. ஓரத்தில் பசை விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். “ஃபோம் சரிபண்ணணும்” என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். நல்ல ரப்பரை உரித்து எறிந்துவிட்டு நுரை வளையம் ஒட்டி வந்தது. நுரை ரப்பரைவிட எடை குறைந்தது, விறைப்பும் வேறு. கூம்போடு சேர்ந்து ஆடும் எடையும் அதைத் திருப்பி இழுக்கும் விறைப்பும் மாறினால் ஊஃபரின் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாக அதிரும் அதிர்வெண், மாறும். அந்த ஒத்ததிர்வைக் கணக்கில் வைத்துச் செய்த பெட்டியும், தாழொலியையும் மேலொலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரும் அதன்பிறகு அதற்குப் பொருந்தா. உறுப்புக்கு ஒரு பெயரும் பொருளுக்கு ஒரு பெயரும் தனித்தனியாக இருந்திருந்தால், “ரப்பர்க்கரை நல்லாயிருக்கு, பசை மட்டும் விட்டிருக்கு” என்று சொல்லி முடித்திருக்கலாம்.

இனி உறுப்புக்கு வருவோம். கூம்பின் வெளி ஓரத்துக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே நிற்கும் வளையம் இது. கூம்பை முன்னும் பின்னும் ஆடவிட வேண்டும், பக்கவாட்டில் அசையவிடக் கூடாது. காந்தத்தின் இடுக்கில், கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளுக்கு இருபுறமும் ஒரு மில்லிமீட்டர்கூட இடம் கிடையாது. கூம்பு சற்றே சாய்ந்தாலும் சுருள் உரசும். இந்தப் பிடிப்பைச் சரவுண்டும் உள்ளே சுருளை நடுவில் பிடித்து நிறுத்தும் ஸ்பைடரும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

அடுத்தது காற்றடைப்பு. கூம்பு முன்னே போகும்போது முன்புறக் காற்று அமுங்கும், பின்புறக் காற்று விரியும். இரண்டும் சந்தித்துக்கொண்டால் தாழொலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலிபெருக்கிக்குப் பெட்டி என்று ஒன்று வந்ததே பெரும்பாலும் இதைத் தடுக்கத்தான். எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் பெட்டிகளைக் கையாண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்ச்சர் சுருள்வில்லாக்கினார். அதனால் கூம்பைப் பிடிக்கும் வளையத்தை வேண்டுமென்றே தளர்வாக வைத்தார்கள். காற்று கசிந்தால் அங்கே வில்லே இல்லை. அவர்களுடைய தொடக்ககால ஊஃபர்களில் வளையம் துணியால் ஆனது. துணி காற்றை விடும் என்பதால் மேலே பசைப்பூச்சு பூசினார்கள். இன்று எடுத்துப் பார்த்தால் துணி ஓர் இழை பிரியாமல் முழுசாக இருக்கும், பூச்சு மட்டும் வற்றிப்போய்க் காற்று கசியும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. விரல்களைப் பரப்பிக் கூம்பைச் சீராக உள்ளே அழுத்தி விட வேண்டும். ஓரிரு நொடி எடுத்து மெல்லத் திரும்பினால் அடைப்பு நன்றாக இருக்கிறது. சட்டென்று எழும்பினால் எங்கோ கசிவு.

இன்னொரு வேலையும் உண்டு. பெயர் வைக்கும்போது பலரும் மறந்துபோவது இதைத்தான். சுருளில் பிறக்கும் அதிர்வு கூம்பின் உடல்வழியே ஓரத்தை நோக்கி அலையாக ஓடுகிறது. அங்கே அதை வாங்கித் தணிக்க எதுவும் இல்லாவிட்டால் மோதித் திரும்பும். போகும் அலையும் வரும் அலையும் கலந்து, பாடகர் குரல் இருக்கும் நடுப்பகுதியில் ஒலி கோணிவிடும். நல்ல சரவுண்டு அந்த அலையைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும்.

இப்போது கரை என்ற சொல்லைப் பாருங்கள். அலை வந்து ஓயும் இடத்துக்குத் தமிழில் கரை என்றுதான் பெயர். நீரைக் கசியாமல் தேக்கி வைப்பதும் கரை. கண்மாயை நம்பி வாழ்ந்த சிவகங்கைச் சீமையில் கரை உடைவதும் கரை கசிவதும் வேறுவேறு செய்தி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நுரை பொடிந்து கிழிந்தால் கரை உடைந்தது. துணிப்பூச்சு வற்றினால் கரை கசிகிறது. நான் மேலே அத்தனை வரி எழுதி விளக்கிய வேறுபாட்டை இந்த இரண்டு வினைகள் தாமே சொல்லிவிடுகின்றன.

துணிக்கும் கரை உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கரை நிறத்தால் தனித்து நின்றாலும் சேலைக்குப் புறம்பானதல்ல. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. கூம்பின் பயன்படு பரப்பைக் கணக்கிடும்போது விட்டத்தைக் கூம்பின் ஓரத்தோடு நிறுத்துவதில்லை, ஒருபக்க வளையத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பக்க வளையத்தின் நடுவரை அளப்பார்கள். ஏனென்றால் வளையத்தின் உட்பாதி கூம்போடு ஆடுகிறது, வெளிப்பாதி சட்டத்தோடு நிற்கிறது. விளிம்புவளையம் என்ற சொல்லில் எனக்குள்ள குறை இதனால்தான். விளிம்பு என்றால் அந்தப் பொருள் அங்கே முடிகிறது. கரை இருபுறத்துக்கும் பொதுவானது.

சூழ்வளையம் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது. வளையம் எங்கே இருக்கிறது என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமடிப்பு ஒருவகைக்குப் பொருந்தும். ஆனால் பழைய நிகழ்ச்சி மேடை ஸ்பீக்கர்களில் துணியில் பல மடிப்பு, வீட்டு ஊஃபர்களில் ஒரே அரைவட்டப் புடைப்பு. மடிப்பு என்பதைப் பொதுப்பெயராக்கினால் வகைக்குப் பெயர் இல்லாமல் போகும். நெகிழ்வளையம் நல்ல சொல், தவறே இல்லை. ஆனால் நெகிழ்வது மட்டும்தான் அதில் இருக்கிறது. தேக்குவதும் தணிப்பதும் இல்லை. வேறு பொறிகளில் வரும் ரப்பர் வளையங்களுக்கும் அதையே சொல்ல வேண்டிவரும்.

மீட்டு என்ற பரிந்துரையை நான் பல நாள் மனத்தில் போட்டு உருட்டினேன். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலக்கை வாசிக்கும் முகத்தில்) ஓரத்தைச் சுற்றி நிற்கும் தோல்வளையத்துக்கு வாசிப்பவர்களும் செய்பவர்களும் இன்றும் சொல்லும் பெயர் அது. அதிரும் பரப்பின் ஓரத்தில் ஒரு வளையம் என்று தேடினால் நம் கருவிகளிலேயே கிடைக்கிறது என்று இந்த இழையில் காட்டிய அம்மையாருக்கு நன்றி. தயக்கம் ஒன்றுதான். மீட்டு, தட்டினால் ஒலிக்கும் இடம். விரல் அங்கே பட்டுத்தான் மிருதங்கச் சொல் பிறக்கிறது. சரவுண்டின் சிறப்போ தான் ஒலிக்காமல் இருப்பது. மிருதங்கக்காரரிடம் போய் இதை மீட்டு என்று சொன்னால் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். நல்ல சொல்லை அதன் வீட்டிலேயே விட்டுவிடுவோம்.

கரைக்கு எழக்கூடிய மறுப்புகளையும் பார்த்துவிடலாம். கரை அசையாதது, இதுவோ அசைவது. அதற்காகத்தான் முன்னால் நெகிழ் சேர்த்தேன். கறை என்று காதில் விழுமே என்றால், கரைவேட்டி என்று நாள்தோறும் சொல்கிறோம், யாரும் அழுக்கு வேட்டி என்று நினைப்பதில்லை. கரைந்துபோவதையும் குறிக்குமே என்றால், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். நுரைக்கரை என்று க் இட்டு எழுதினால் குழப்பமும் குறையும்.

சொல் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க, பழுதுபார்க்கும் முறையை அதைக்கொண்டே எழுதிப் பார்த்தேன்:

நுரைக்கரை பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்லப் பிரித்துவிடும். பாடப்புத்தகத்தில் நீராற்பகுப்பு என்று படித்தது இதுதான். ஸ்பீக்கரைப் பாடவைத்தாலும் சும்மா வைத்தாலும் 15, 20 ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியும். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக்கிடந்து, கல்யாணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திறக்கும் வீடுகளில், கைபடாத ஸ்பீக்கரிலும் கரை உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து யாரும் திகைக்க வேண்டாம். பழைய கரையைக் கூம்பிலிருந்து பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். மிஞ்சிய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுங்கள். காகிதக்கூம்பு என்றால் அளவாக நனைக்க வேண்டும். புதுக்கரையை முதலில் கூம்பில் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சட்டத்தில் ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சன்னமாக ஓடவிட்டு, சுருள் உரசும் ஓசை அறவே நிற்கும் இடத்தில் கரையை நிறுத்திச் சுற்றிலும் அழுத்துங்கள். கூம்பின் நடுவில் உள்ள தூசிமூடியை அறுத்து, சுருளுக்கும் நடுக்காந்தத் துருவத்துக்கும் இடையே மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகி நடுவில் நிறுத்துவது இன்னொரு முறை. மூடியை அறுக்க மனம் வராதவர்களுக்கு முதல் முறை.

எழுதும்போது எங்கும் தடங்கவில்லை. கரை கட்டுதல் என்று வினையும் தானே வந்தது. நுரைக்கரை, ரப்பர்க்கரை, துணிக்கரை என்று வகைகளும் பிரிந்து நிற்கின்றன. எனக்கு இதுவே போதிய சான்று.

மற்ற உறுப்புகள் பற்றிச் சுருக்கமாக. ஸ்பைடரைச் சிலந்தி என்று பெயர்க்க வேண்டாம். முன்காலத்தில் அது கால் கால்களாக வெட்டிய தகடாக இருந்ததால் வந்த பெயர். இப்போது இருப்பது வட்டமான நெளிதுணி. நடுத்தாங்கி எனக்குச் சரியாகப் படுகிறது. ஊஃபரை மெலிவொலிப்பி என்றும், மேலொலி ஸ்பீக்கரான ட்வீட்டரை வலிவொலிப்பி என்றும் எழுதிய நண்பரின் தமிழிசைப் புலமைக்கு வணக்கம். மெலிவு, சமன், வலிவு என்பவை தாழ்வு, நடு, உச்சம் என்னும் மூன்று தானங்களுக்கு (சுருதி நிலைகளுக்கு) நம் முன்னோர் வைத்த அருமையான பெயர்கள். ஆனால் இன்று படிப்பவருக்கு மெலிவு என்றால் வலுவிழந்தது. தரை அதிர ஒலிக்கும் 12 அங்குல ஊஃபரை மெலிவு என்றும், விரல்நுனி அளவு ட்வீட்டரை வலிவு என்றும் சொன்னால் புதிதாக வருபவர் தலைகீழாகக் கம்பி இணைத்து ட்வீட்டரை எரித்துவிடுவார். இசையில் அந்தச் சொற்களைக் காப்போம். பெட்டியில் ஊஃபரும் ட்வீட்டரும் இப்போதைக்கு இருக்கட்டும்.

கானாடுகாத்தானிலிருந்து வந்த கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

> சரவுண்ட் மாற்றிய பிறகும் வளவில் வைத்துக் கேட்டால் பேஸ் எடுபடவில்லை. ஒட்டியதில் பிழையா?

அழுத்திப் பார்க்கும் சோதனையில் கூம்பு மெல்லத் திரும்புகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கரையில் குறையில்லை. செட்டிநாட்டு வீட்டின் உட்கட்டான வளவின் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அறைகளின் ஒலியியலுக்கு அடிப்படை போட்ட வாலஸ் சபைன், ஹார்வர்டில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒலி உறிஞ்சலை அளக்கத் திறந்த சன்னலையே அலகாகக் கொண்டார். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. உங்கள் முற்றம் முழுவதும் அப்படிப்பட்ட சன்னல். தாழொலி மேலே போய்விடும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் மேல்சுருதி ஒலிகளைத் திருப்பித் திருப்பி அனுப்பும். அதனால் ஒலி இன்னும் மெலிந்தே தோன்றும். பெட்டிகளை இரண்டாம் கட்டில் மூடிய அறை ஒன்றுக்கு எடுத்துப்போய்ச் சுவரை ஒட்டி வையுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். வளவில்தான் கேட்க வேண்டும் என்றால் முற்றத்தைச் சுற்றிய பத்தியின் மூலையில், இரண்டு சுவர் சேரும் இடத்தில் வையுங்கள். தாழொலி கொஞ்சம் கூடும். அதற்காகக் கரையை மறுபடி பிரிக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று தீராமல் இருக்கிறது. கூம்பின்மேல் கரை ஏறி ஒட்டும் அந்தக் குறுகிய பட்டைக்கும் ஒரு பெயர் வேண்டும். பசை விடுவது பெரும்பாலும் அங்கேதான். காஞ்சிபுரத்தில் சேலையின் உடலையும் வேறு நிறக் கரையையும் பிணைத்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். கரை நிலைத்தால் இதற்குக் கோர்வை பொருந்தும் என்று நினைக்கிறேன். கண்டாங்கி நெய்யும் குடும்பங்களோடு பழக்கமுள்ளவர்கள், அவர்கள் தறியில் இதற்கு வேறு சொல் வழங்குகிறதா என்று கேட்டு எழுத வேண்டும்.

அன்புடன்,
தேவகோட்டையிலிருந்து