முதல் தடவை தியானத்துக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தபோது என்ன நடந்தது? மலையகத்து ஆட்கள் சொல்லுங்கள்

டிக்கோயாத் தம்பி:

நானே தொடங்கி வைக்கிறேன். ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. மூன்று வருடத்துக்கு முன்பு தூக்கம் போய்விட்டது. படுத்தால் பாக்கி வைத்தவர்கள் எல்லாரும் கொப்பியில் இருக்கும் வரிசைப்படி வந்து நிற்பார்கள். தியானம் செய்து பார் என்றான் கூட வேலை செய்கிற ஒருவன்.

சரி என்று ஃபோனில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். காலை நாலரை மணிக்கு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், சாக்கை விரித்து, கம்பிளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. எவ்வளவு மூச்சு இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, தேயிலை ஸ்டோர் மெஷின் மாதிரி வேகவேகமாக இழுத்து விட்டேன். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றியது, விரல் நுனி எல்லாம் சுருசுருவென்றது. குண்டலினி ஏறிவிட்டது என்றே நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

இரண்டாவது வாரம் இன்னும் மோசம். தூக்கத்தில் முன்னும் பின்னும் ஆடியிருக்கிறேன். அம்மாயி வெளியே வந்து பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப்போய் விபூதித் தட்டோடு வந்து நெற்றி நிறையப் பூசி, கையைக் கட்டிக்கொண்டு நின்றது. “யாரு வந்திருக்கது? மாரியாத்தாளா, முனியாண்டியா?” என்று கேட்டது. “தூக்கம் வந்திருக்கு அம்மாயி” என்றேன். அது நம்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை என் பேரில் கோவிலில் தேங்காய் உடைத்தார்கள்.

அப்புறம் ஒரு போயா (பௌர்ணமி) லீவுக்கு, கூட வேலை செய்கிற அந்தச் சிங்கள நண்பன் என்னை நில்லம்பைத் தியான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். கண்டியிலிருந்து கலஹா பஸ். இறங்கித் தேயிலைக்கு நடுவே நல்ல ஏற்றம். 1979இல் தொடங்கிய இடம் அது. கொட்வின் சமரரத்ன என்பவர் 2000இல் இறக்கும்வரை அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார். துறவி இல்லை, சாதாரணக் குடிமகன். எனக்கு அது பிடித்திருந்தது. ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சம்தான்.

அங்கே ஒரு வயதானவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் என்னிடம் மெதுவாக, “ஹுஸ்ம அல்லன்ன எபா, பலன்ன விதரய்” என்றார். மூச்சைப் பிடிக்காதே, பார்த்தால் மட்டும் போதும். என் இழுப்பு அவருக்குக் கேட்டிருக்கிறது! வெட்கமாகப் போய்விட்டது. நான் செய்தது பிராணாயாமம்கூட இல்லை, அதற்கும் ஓர் அளவு முறை உண்டு. அவர்கள் ஆனாபானசதி என்று சொல்வதில் மூச்சை ஒன்றுமே செய்வதில்லை. நீளமாக வந்தால் நீளம் என்று தெரிந்துகொள்வது, குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிந்துகொள்வது, அவ்வளவுதான். நம்மிடம் இரண்டுக்கும் சேர்த்து “மூச்சுப் பயிற்சி” என்று ஒரே பெயர் போட்டுவிடுகிறோம். என் குழப்பம் பாதி அதில் வந்தது என்பேன்.

இப்போது தினமும் பத்து நிமிடம். தூக்கம் முழுதாகத் திரும்பவில்லை. பாக்கிக்காரர்கள் இன்னும் வருகிறார்கள். நான்தான் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டேன். உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

தலவாக்கலை நர்ஸ் அக்கா:

தம்பி, அது குண்டலினி இல்லை. வேகமாக ஆழமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துபோகும், அதனால்தான் தலைச்சுற்றலும் சுருசுருப்பும். வார்டில் பயந்துபோய் வருகிறவர்களிடம் அடிக்கடி பார்ப்பது.

கால் விறைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சீமெந்துத் தரையில் சப்பணம் போட்டு வீரம் காட்ட வேண்டாம். கம்பிளியை நாலாக மடித்துப் பின்பக்கம் வைத்தால் இடுப்பு முழங்காலைவிட உயரமாக வரும், முதுகு தானாக நிமிரும். முடியாதவர்கள் கதிரையில் உட்காருங்கள். நான் கதிரைக் கட்சிதான்.

பொகவந்தலாவை அண்ணன்:

நான் பேராதனைக்குக் கிட்ட ஹிந்தகலையில் இருக்கும் தம்ம கூட்டம் என்கிற தியான நிலையத்துக்குப் போனவன். கோயங்கா என்பவர் சொல்லிக்கொடுத்த முறை, பத்து நாள். கூட்டம் என்றதும் மீட்டிங் என்று நினைக்காதீர்கள், அது பாளிப் பெயர், அங்கே யாரும் வாயே திறக்க முடியாது. விடிகாலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். முதல் மூன்று நாளும் மூக்கு வாசலில் மூச்சு போய்வருவதைக் கவனிப்பது தவிர வேறு வேலை கிடையாது. நாலாம் நாள்தான் விபாசனா என்று உடம்பு முழுக்கக் கவனத்தைக் கொண்டுபோகச் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் நான் ஓடிப்போகத் திட்டம் போட்டேன். மதில் எவ்வளவு உயரம் என்றுகூடப் பார்த்து வைத்தேன். வாய் பேசவில்லையே தவிர மண்டைக்குள் எங்கள் சூப்பர்வைசரோடு ஒரே சண்டை. எட்டு வருடத்துக்கு முன்பு கொழுந்து நிறுவையில் அவர் கழித்த இரண்டு கிலோவுக்கு, அந்த ஹோலில் உட்கார்ந்து வழக்குப் பேசி, நானே தீர்ப்பும் சொன்னேன். இன்னொரு பக்கம் சாப்பாடு. பதினொரு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு புதியவர்களுக்குச் சாயந்தரம் தேத்தண்ணியும் பழமும்தான். நிப்பானம் என்கிற முக்தி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ரொட்டியும் கட்டச்சம்பலும் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, அந்த இரண்டு கிலோ வழக்கு நடுவில் நின்றுபோனது. ஏன் என்று தெரியாது. பத்தாம் நாள் காலை பேச விட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் காலி ஆள், எனக்குச் சிங்களம் அரைகுறை. இருவரும் முதலில் பேசியது கொத்து ரொட்டியைப் பற்றி.

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோர்ஸுக்குக் காசு வாங்குவதில்லை, முன்பு முடித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் சேருகிற நாளையும் வெளியேறுகிற நாளையும் சேர்த்தால் பன்னிரண்டு நாள். அந்த மாதம் அத்தனை நாளுக்கும் எனக்குப் பேர் விழவில்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. வீட்டில் கடனுக்கு அரிசி வாங்கினார்கள். இலவசம் என்று சொல்கிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்.

கொஸ்லந்தைப் பெண்:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவு. எங்கள் சொந்தக்காரர்கள் இருந்த லயம் போய்விட்டது. அதற்குப் பிறகு தியானம் மனதுக்கு நல்லது என்று ஒருவர் எங்களை வட்டமாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். மலை இறங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து வெளியே ஓடிவிட்டேன். எனக்கு மட்டும்தான் இது வரவில்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கவுன்சிலர் சொன்னார், கண்ணைத் திறந்தே செய்யலாம், உட்காரவே வேண்டாம் என்று. பன்சாலையில் (புத்த கோவிலில்) சக்மன் என்று தியானமாக நடப்பார்களே, அதுதான். வாசலுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் நடுவே செருப்பில்லாமல் நடப்பேன், ஒவ்வொரு காலும் தரையில் படுவதைக் கவனித்துக்கொண்டு. தரை அசையாமல் இருக்கிறது என்று காலுக்குத் தெரிய வேண்டும், எனக்கு அதுதான் தேவை. மழை நாளில் செய்வதில்லை. கண்ணை மூடினால் பயம் வருகிறவர்களைத் தயவுசெய்து கட்டாயப்படுத்தாதீர்கள். ரொம்ப முடியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், மனநல உதவிக்கான இலங்கைத் தேசிய இலக்கம் அது.

பண்டாரவளைக் குறும்பன்:

நாங்கள் எல்லாம் பதுளை ட்ரெயின் லேட்டாகும்போது ஸ்டேஷனில் செய்கிறோமே, அது கணக்கில் வராதா?

டிக்கோயாத் தம்பி:

குறும்பா, அங்கே நீ மூச்சைப் பார்ப்பதில்லை, ஃபோனைப் பார்க்கிறாய்.

கொஸ்லந்தை அக்கா, எழுதியதற்கு நன்றி. கண்ணைத் திறந்து செய்யலாம் என்று எனக்கும் யாரும் சொன்னதில்லை. நாளைக்கு நடந்து பார்க்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் உட்காருகிற நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா ரொட்டி தட்டுவார். தப் தப் என்று. முதலில் எரிச்சல், இப்போது அந்தச் சத்தம் இல்லாவிட்டால் உட்காரவே தோன்றுவதில்லை. போன வாரம் அவரே கேட்டார், “தம்பி, நீ சாமி கும்புடுற நேரம் நான் மெதுவா தட்டணுமா?” வேண்டாம் அக்கா, எப்போதும் போலத் தட்டுங்கள் என்றேன். அப்படி என்னதான் செய்கிறாய் என்று விசாரித்து, இன்றைக்குக் காலை அவரும் படியில் வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். ரொட்டி கருகுற வாசம் வந்ததும் எழுந்து ஓடிவிட்டார்.