மறு: அப்ரெகுலேஷன், டவுன்ரெகுலேஷன் – தமிழில் என்ன?

> வைரஸ் தொற்றிய பன்றியின் நோயெதிர்ப்புச் செல்களில் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடுவது (அப்ரெகுலேஷன்), குறைவது (டவுன்ரெகுலேஷன்) பற்றி எழுதுகிறேன். டவுன்ரெகுலேஷனுக்கு 'ஒடுக்கம்' போதுமா?

ஐயா, போதாது என்பேன். மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் தொழிலே ஒடுக்குவதுதான். சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமுள்ள இழை. தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு புரதம் உருவாகவிடாமல் தடுக்கும். மிர்-181 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பற்றி 'மிர்-181 ஒடுக்கப்பட்டது' என்று எழுதினால் ஒடுக்கியது யார், ஒடுங்கியது யார் என்று வாசகர் விழிப்பார்.

பன்றிகளுக்குக் கருச்சிதைவும் மூச்சுத்திணறலும் தரும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸைப் பாருங்கள். அது குடியேறுவது நுரையீரல் காற்றறைகளிலுள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களில். அதற்கு சி.டி.163 என்ற புரதம் தேவை. மிர்-181 கூடினால் சி.டி.163 குறைகிறது, வைரஸுக்கு வாசல் அடைபடுகிறது. ஒன்று ஏற, மற்றொன்று இறங்குகிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டாமா?

செல்லில் அதன் அளவு, அதாவது வெளிப்பாடு (எக்ஸ்பிரஷன்), மாறுவதற்கு 'வெளிப்பாட்டேற்றம்', 'வெளிப்பாட்டிறக்கம்' என்று வைக்கலாம். ஒடுக்கத்தை மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்யும் வேலைக்கே விட்டுவிடுவோம். முன்பு ஒருவர் சொன்ன 'குறைப்பாடு' வேண்டவே வேண்டாம். ஒரு 'ப்' விட்டுப்போனால் குறைபாடாகிவிடும். நானே தட்டச்சில் இருமுறை விட்டேன். 'கீழ்ச்சீராக்கம்' என்றால் ஏதோ சாலைப்பணி நடப்பதுபோல் இருக்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு 'நுண் ஆர்.என்.ஏ.' சரி. 'குறு' வேண்டாம்; ஸ்மால் ஆர்.என்.ஏ. என்ற பெருங்குடும்பத்துக்கு அது தேவைப்படும்.

———

> வெளிப்பாட்டேற்றம்

வாயில் நுழையவில்லை! அட்டவணையில் நாற்பது இடத்தில் வரும் சொல் இது. வெறும் 'ஏற்றம்', 'இறக்கம்' போதாதா? இன்னொன்று: ரெகுலேஷன் என்றால் செல் தானே கட்டுப்படுத்துவது. ஆனால் வைரஸ் செல்களைக் கொன்றுவிட்டாலும் எண்ணிக்கை குறையுமே. உங்கள் சொல்லில் அந்தக் 'கட்டுப்பாடு' எங்கே?

———

வேண்டுமென்றேதான் விட்டேன். வரிசையறிதலில் (சீக்வென்சிங்) கையில் கிடைப்பது எண்ணிக்கை மட்டுமே. அது ஏன் மாறியது என்பதற்குத் தனியே சோதனை செய்யவேண்டும். சொல்லே காரணத்தையும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.

நீளம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். முதன்முறை 'வெளிப்பாட்டு ஏற்றம்' என்று பிரித்து எழுதுங்கள், பிறகு ஏற்றம் மட்டும் போதும். உங்கள் கட்டுரையில் இப்படி வரும்:

'மிர்-181 ஏற்றம் கண்ட மேக்ரோஃபேஜ்களில் சி.டி.163 ஒடுங்கியது.'