‘டிரேசர்’: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான எஞ்சின் சோதனை நூல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எஞ்சின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று பார்க்க, ஓட்டியபின் ஆயிலை வடித்து எடை போடுவது பழைய முறை. குறைவது கொஞ்சம்தான் என்பதால் பல மணி நேரம் ஓட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கினால் எடையே தப்பாகிவிடும். இன்னொரு முறையில் டிரிட்டியம், அதாவது கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன், ஏற்றிய ஆயிலை ஊற்றுகிறார்கள். ஆயில் எரியும்போது அந்த டிரிட்டியம் நீராவியாகிப் புகையோடு வெளியே வரும். பெட்ரோல் எரிந்தாலும் நீராவி வரும். டிரிட்டியம் ஆயிலிலிருந்து மட்டுமே வரும். ஆவியைக் குளிரவைத்து, கிடைத்த நீரின் கதிரியக்கத்தை அளந்தால் போன ஆயிலின் கணக்கு சீக்கிரமே வந்துவிடும். இப்படி அடையாளத்துக்காகச் சேர்க்கும் பொருளை ‘டிரேசர்’ என்கிறார்கள். அதற்குச் ‘சுவடறிவான்’ என்றும், ‘கன்சம்ப்ஷன்’ என்பதற்கு ‘நுகர்வு’ என்றும் போட்டிருக்கிறேன். சரிதானா?

ஆட்டோமொபைல் ஆசிரியர், கோவை:
சுவடு அறிவது அளக்கும் கருவி, ஊற்றும் பொருள் அல்ல. டிரிட்டியத்தின் பீட்டாக் கதிருக்குச் சிறு புட்டியின் சுவரைத் தாண்டக்கூட வலுவில்லை. அதனால் நீரை ஒளிரும் திரவத்தோடு கலந்து, அந்த மினுக்கங்களைக் கருவி எண்ணுகிறது. அறிவான் அதுதான். ‘நுகர்வு’ம் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் ‘ஆயில் குடிக்குது’ என்பார்கள். எழுத்தில் ‘ஆயில் செலவு’ போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை:
வள்ளுவர் தந்த சொல் இருக்கிறதே, ஒற்று! ஆயிலோடு கலந்து, உள்ளே நடப்பதை வெளியே சொல்கிறது. ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்.’ டிரிட்டியம் சொன்னதை இன்னொரு கதிரியக்கப் பொருளால் சரிபார்க்கலாம் அல்லவா? ‘கதிரொற்று’ என்று வையுங்கள்.

அணுவியலாளர், கல்பாக்கம்:
ஐயா, பையன்கள் ஒற்று மிகும் இடத்தைத் தேடுவார்கள். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஒற்றன் உள்ளுக்குள் வேற்றாள். இது வேற்றாளாக இருந்தால் வேலைக்கே ஆகாது. வேதியியலாளர் ஹெவெசியிடம் ரூதர்ஃபோர்டு, ஈயத்திலிருந்து ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருளைப் பிரிக்கச் சொன்னார். எவ்வளவு முயன்றும் பிரியவில்லை, ஏனென்றால் அதுவும் ஈயமே. பிரியாத அந்தக் குணத்தையே வைத்து 1913இல் பானெத்தோடு சேர்ந்து ஈயத்தைப் பின்தொடர்ந்தார். 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் இதற்காகவே. ஆயிலிலும் இதே கதைதான். லேசான பகுதி முதலில் ஆவியாகும், கனமானது தங்கும். ஒரு பகுதியில் மட்டும் டிரிட்டியம் இருந்தால் கணக்கு பிசகும். கூடவே போவதுதான் இதன் இயல்பு. ‘உடன்செல்லி’ என்பேன்.

தஞ்சை:
உடன்போக்கு! பாலைத்திணையின் உயிரே அதுதானே. தலைவி தலைவனோடு போய்விட, செவிலி சுரத்தில் தேடிப் போகிறாள். ஒற்றை விடுகிறேன், ‘உடன்போகி’ என்று ஆக்குங்கள்.

மென்பொருளாளர், டொராண்டோ:
‘தடமி’ சின்னதாக இருக்கிறதே?

தஞ்சை:
தம்பி, ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்கிறார் தொல்காப்பியர். தட என்றால் பெருமை. அடுத்து ‘தடவென் கிளவி கோட்டமும் செய்யும்’ என்று வளைவையும் சொல்கிறார். குளத்துக்கும் தடம் என்று பெயர். வில்லி என்பது வில்லை உடையவன் என்றால், தடமி குளத்தை உடையவனாகவும் ஆகலாம்.

கோவை:
இந்த ஆராய்ச்சி என் வகுப்புக்கு வராது ஐயா. புகை நீலமாக வந்தால் ரிங் தேய்ந்ததா, வால்வு சீல் போயிற்றா என்று கேட்கிற பிள்ளைகள் அவர்கள். ‘டிரேசர் ஆயில்’ என்றே போடலாம். பிஸ்டனையும் ரிங்கையும் விட்டுவிட்டோமே?

கல்பாக்கம்:
அவை பட்டறையில் புழங்கித் தேய்ந்த சொற்கள். டிரேசரை அந்தப் பிள்ளைகள் இப்போதுதான் முதன்முறை கேட்கப்போகிறார்கள். முதல் நாளே தமிழில் கொடுத்தால் தமிழிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

மதுரை:
இரவு பன்னிரண்டாகப் போகிறது. ‘தடங்காட்டி’ என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘டிரேசர்’ சேர்க்கிறேன். கோவை ஐயாவும் டொராண்டோ நண்பரும் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள். ‘ஆயில் செலவு’ அப்படியே இருக்கும்.

கல்பாக்கம்:
அச்சுக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் தடங்காட்டி என்றால் ஆயில் போன பிறகு வழியில் கிடப்பது போலிருக்கிறது. புரோமின்-82 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் பற்றிய அடுத்த பாடத்தில் அரை ஆயுள் 35 மணி நேரம் என்று வரும். ஆயிலோடு உள்ளே சுற்றும்போதே அது பாதி தீர்ந்துவிடும் என்று எழுத வேண்டியிருக்கும். அங்கே இந்தச் சொல் இடிக்கும். இரண்டாம் பதிப்பில் உடன்செல்லியை மறுபடி எழுப்புவேன்.

தஞ்சை:
உடன்போகி.